வைத்தியச் சூடும் வேறு சூடும்

ஆந்திராவில் விஜயபுரம் மண்டலத்தில் வீடு வீடாகப் போய்ச் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா ஊழியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்கத் திருப்பதியிலிருந்து பஸ்ஸில் போனேன். குழந்தைகள் துன்புறுத்தப்படுவதை எப்படிக் கண்டுகொள்வது, எப்படித் தடுப்பது என்பது பாடம். கையேடு தெலுங்கில் இருந்தது. வந்திருந்த இருபது பெண்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். நானும் சித்தூரில் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக் குடும்பத்தில் வளர்ந்தவள்தான். தெலுங்கில் வாசித்துத் தமிழில் விளக்கினேன்.

முதல் நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். நான் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள்.

இரண்டாம் நாள் அடையாளங்களின் பட்டியலில் சூட்டுத் தழும்பு என்று வாசித்ததும் அறையில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் ஒருத்தி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். காசு அளவுக்கு ஒரு வெளுத்த வட்டம்.

"எனக்கும்தான் சூடு போட்டாங்க மேடம், காமாலை வைத்தியத்துக்கு. எங்கம்மாவ போலீஸ்ல புடிச்சிக் குடுத்துருவீங்களா?"

கையேட்டை மூடிவிட்டு, வேறு யாருக்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். ஒன்பது கைகள் உயர்ந்தன. எந்த வயதில், எதற்கு, யார் போட்டார்கள் என்று கேட்கக் கேட்க எனக்கு ஆர்வம் கூடிக்கொண்டே போனது. அன்றைய பாடம் அப்படியே நின்றுவிட்டது.

அதுவரை வாயே திறக்காமல் கடைசி பெஞ்சில் இருந்த ஓர் அக்கா மெதுவாகப் பேசினார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"வைத்தியத்துக்குன்னா ஒரு தரம்தான் போடுவாங்க மேடம். நாலு பேரு பாத்துக்கினு இருப்பாங்க. யாரும் அத மறைக்க மாட்டாங்க. எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருக்குது, ஏழு வயசு. தொடையில நாலு இருக்குது. மூணு பழசு, ஒண்ணு இன்னும் காயல. பாவாடைய இழுத்து இழுத்து மூடிக்குது. நான் வைத்தியம்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

அன்று மாலையே அவருடைய ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் வேர்க்கடலைச் செடி. "நீங்க ஒண்ணும் கேக்காதீங்க மேடம். கேட்டா வாய மூடிக்கும்" என்றார்.

பயிற்சி கொடுக்க வந்தவள் நான். ஆனால் அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்து அவர் செய்ததைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அங்கே விளையாட வந்த அந்தப் பெண்ணிடம் அவர் மாத்திரை அட்டைகளைக் கொடுத்துப் பிரித்து அடுக்கச் சொன்னார். தழும்பைப் பற்றிப் பேசவே இல்லை. வெகுநேரம் கழித்து, "ராத்திரி நல்லாத் தூங்கறியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அட்டையைப் பார்த்தபடியே அவள் சொன்னாள். "தூங்கினா பாயில ஒண்ணுக்குப் போய்டுது. போனா பெரியம்மா கரண்டியால சூடு வெப்பாங்க." பிறகு, "யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

"உனக்கு வலிக்காமப் பாத்துக்கறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். சொல்லாம இருக்க மாட்டேன்" என்றார் அக்கா.

அவள் அடுத்த அட்டையை எடுத்தாள்.

அப்பா இல்லாத பெண். அம்மாவுக்குச் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அம்மா இல்லாத நேரங்களில் பெரியப்பா வீட்டில் பெரியம்மாவிடம் இருப்பாள். அன்றே சித்தூரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அம்மாவையும் பெண்ணையும் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். காயத்துக்கு மருந்து போட்ட டாக்டர் சிறுநீரையும் சோதிக்கச் சொன்னார். சிறுநீர்ப் பாதையில் தொற்று இருந்தது. மருந்தில் சரியாகிவிடும் என்றார்.

"கொழுப்புன்னு நெனச்சோமே" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னதாக உடன் போனவர்கள் என்னிடம் சொன்னார்கள். பெரியம்மா எதையும் மறுக்கவில்லை. "திருந்தட்டும்னுதான் வெச்சேன். எனக்கும் எங்கம்மா வெச்சாங்க" என்றாராம். கேஸ் பதிவானது. அம்மாவும் பெண்ணும் புத்தூரில் தாய்வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் பயிற்சியில் நான் கையேட்டைத் திறக்கவில்லை. வைத்தியம் என்று வைத்தாலும் தண்டனை என்று வைத்தாலும் குழந்தைக்கு அது தீக்காயம்தான், இரண்டையும் நிறுத்த வேண்டும் என்றேன். மணிக்கட்டைக் காட்டியவள் ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் வரை வாதாடினாள். அவளுக்குக் காமாலை அந்தச் சூட்டால்தான் போனதாம். தானாகவே போயிருக்கலாம் என்று நான் சொன்னதை அவள் கடைசிவரை நம்பவில்லை. ஆனால் தன் பிள்ளைகளுக்குப் போட்டதில்லை என்றாள். ஏன் என்று கேட்டேன். "மனசு வரல மேடம்" என்றாள்.

சில மாதங்களுக்குப் பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். பெரியம்மாவின் உறவுக்காரர்கள் தன்னைத் தங்கள் தெருவுக்குள் விடுவதில்லை என்றார். தடுப்பூசி நாளில் கூடக் கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம்.

"கஷ்டமா இருக்குதாக்கா?"

"இருக்குது மேடம். ஆனா வேற ரெண்டு வீட்ல எங்க புள்ளயும் பாயில போவுது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறியான்னு கேட்டாங்க. நாளைக்குப் போறேன்."