மழித்த தலையும் தள்ளிப்போன ஆபரேஷனும்

சலூன்காரருக்கு 'ரூலர்' என்ற பெயர் அவர் இறக்கும் கிருதாவால் வந்தது. இரண்டு பக்கமும் கோடு போட்டதுபோல் சமமாக நிற்கும். அந்தக் கிருதாவை இறக்கிய வலது கைதான் நான்கு வருடங்களாக நடுங்கிக்கொண்டிருந்தது. முதலில் டீ தளும்பியது, பிறகு கையெழுத்து கோணியது. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் தாடையில் கீறல் விழுந்தது. அவர் பெரிதுபடுத்தாமல் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே போய்விட்டார். ரூலருக்குத்தான் மனது ஆறவில்லை. அன்றே கத்தியை மைத்துனனிடம் கொடுத்துவிட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். சொந்தக் கடையில் முடி கூட்டும் ஆளாகிப் போனார்.

மாத்திரைகள் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அவரும் மனைவியும் மூளை அறுவை மருத்துவர் ஒருவரிடம் போனார்கள். அந்த அம்மாள் படம் வரைந்து காட்டினார்.

"மூளைக்குள்ள ஆழமா, மெல்லிசா ஒரு கம்பி வைப்போம். நெஞ்சுத் தோலுக்கு அடியில ஒரு பேட்டரி. அதுல இருந்து வர்ற கரன்ட் நடுக்கத்தை அடக்கும்."

"மயக்க ஊசி போட்டுடுவீங்கல்ல?" என்று கேட்டார் ரூலர்.

"கம்பி வைக்கும்போது முழிச்சிட்டுத்தான் இருக்கணும். கை நிக்குதான்னு நாங்க பாக்கணும் இல்லையா? தோல் மரத்துப்போக ஊசி போடுவோம். மூளைக்கு வலி தெரியாது. ரத்தக்கசிவு, கிருமித் தொற்று, இது ரெண்டுக்கும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. அதை மறைக்க மாட்டேன். பேச்சு கொஞ்சம் குழறலாம். கரன்ட்டைக் குறைச்சா பெரும்பாலும் சரியாயிடும்."

"குழறினா பரவாயில்ல டாக்டர். இவர் இப்ப பேசறதே எனக்குப் பாதிதான் புரியுது" என்றாள் மனைவி. வந்த பயத்தை அவள் இப்படித்தான் விழுங்குவாள்.

மருத்துவமனையில் சேர வேண்டிய நாள் காலையில் ரூலர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். முன்பின் தெரியாத யாரோ தன் தலையை மழிப்பதா? மைத்துனன் செய்கிறேன் என்றபோதும் வேண்டாம் என்றிருந்தார். நடுங்கும் கையால் தானே மழித்துக்கொண்டு, ஏழு இடத்தில் ரத்தம் துளிர்க்க வெளியே வந்தார்.

மருத்துவர் விளக்கை இழுத்துத் தலைக்கு மேல் வைத்துப் பார்த்தார். "யார் பண்ணது இது?"

"நான்தாங்க. உங்களுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னு."

"நாங்க சவரக்கத்தியே வைக்கிறதில்லையே! வேண்டிய இடத்துல மட்டும் மெஷின்ல வெட்டுவோம். இந்தக் கீறல்ல கிருமி சேர்ந்தா, வெச்ச கம்பியையே எடுக்க வேண்டி வரும். ஆறட்டும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

திரும்பும் வழியெல்லாம் மைத்துனன் விடவில்லை. "முப்பது வருஷத் தொழில்ல நீங்க பண்ண படுமோசமான வேலை இதுதான் மாமா. வேற யாராவது பண்ணியிருந்தா கடைய விட்டே துரத்தியிருப்பீங்க."

ரூலர் சிரிக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் அவருக்கு நெருப்பின் மேல் இருப்பதுபோல் இருந்தது. போகாமலே இருந்துவிடலாமா என்று ஒருநாள் கேட்டும் பார்த்தார். "துடைப்பம் பழகிப் போச்சா?" என்றாள் மனைவி. 

ஆபரேஷன் அன்று தலை அசையாமலிருக்க இரும்புச் சட்டம் பூட்டினார்கள். ஊசி சுருக்கென்றது, பிறகு வெறும் அழுத்தம்தான். துளையிடும்போது பக்கத்து வீட்டுக்காரர் சுவரைக் குடைவதுபோல் மண்டை அதிர்ந்தது. வலி இல்லை. மருத்துவர் ஒரு பலகையில் தாளை வைத்துப் பேனாவைக் கொடுத்தார். "ஒரு சுருள் வரைங்க." கோழி கிளறியதுபோல் வந்தது.

"இப்ப கரன்ட் விடறோம். பேசுங்க."

நாக்கு தடித்தது. "கொழகொழங்குது" என்றார். அளவை மாற்றினார்கள். நாக்கு இலகுவானது. "இப்ப வரைங்க."

பேனா ஒரு சுற்று வந்தது. இன்னொன்று. கோடு கோட்டைத் தொடவில்லை. ரூலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளின் ஓரம் வரை போய்விட்டார்.

"போதும், நிறுத்துங்க."

"இன்னும் ஒரே ஒரு சுத்து டாக்டர்."

அதன் பிறகுதான் முழு மயக்கம் கொடுத்துப் பேட்டரியை வைத்தார்கள். இரண்டு நாள் தலைவலி இருந்தது, இமைகள் வீங்கின. வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் நடுக்கம் மெல்லத் திரும்பியது. பேட்டரியை முடுக்கும் வரை கம்பியைச் சுற்றி மூளையில் வரும் வீக்கமே நடுக்கத்தை அடக்கும், அது வடிந்ததும் அப்படி ஆகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் வீடே கதிகலங்கியது. மறுவாரம் பேட்டரியை முடுக்கி, மூன்று தடவை வரவழைத்து அளவைச் சரிசெய்த பிறகே கை நின்றது.

மருத்துவர் தொழிலைத் தொடங்கலாம் என்று சொன்ன அன்று, யாரும் கூப்பிடாமலே மைத்துனன் நாற்காலியில் போய் உட்கார்ந்து கழுத்தை நிமிர்த்தினான். ரூலர் புது பிளேடு மாட்டினார்.

"ஏன்டா கண்ணை மூடிக்கிட்ட? பயமா?"

"பயம்லாம் இல்ல மாமா. தினமும் கடை முழுக்க நான்தானே பாக்கறேன். தூக்கம் வருது."

கத்தி ஒரே இழுப்பில் நுரையை வழித்துக்கொண்டு வந்தது. தாடைக்கு அடியில் மெதுவாக இறங்கினார். மனைவி வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மறு கன்னத்துக்கு வந்தபோது மைத்துனன் நிஜமாகவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.