திருடர் கூட்டம்

மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அறந்தாங்கியில் மாதாமாதம் ஒரு கூட்டம் என்றார்கள். டீ, சுண்டல் சும்மா கொடுப்பார்கள் என்றதுமே எனக்குச் சந்தேகம். எதையோ நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். "ஒங்க வீட்டுல யாருங்க?"

"மாமியார்."

"ஒங்களத் திருடின்னு சொல்லிட்டாங்களா?"

சுருக்கென்றது. தோட்டைக் காதில் போட்டுக்கொண்டே, அதை நான் திருடிவிட்டதாக அன்று காலையில்தான் மாமியார் ஊரைக் கூட்டியிருந்தார். இந்த ஆளுக்கு யார் சொன்னது? முறைத்தேன்.

"எங்க வீட்டம்மாவுக்கு நான்தாங்க திருடன்," என்றார்.

எதிரே இருந்த பெண் கையைத் தூக்கினாள். "எங்கப்பாவுக்கு நானுங்க."

பையை இறக்கிக் கீழே வைத்தேன். இத்தனை திருடர்களுக்கு நடுவில் யார் எடுத்துவிடப் போகிறார்கள்?