துளைகள் உள்ள திரவம்

மும்பையை அடுத்த ஐரோலியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நானும் மாட்டுங்காக்காரத் தோழி ஒருத்தியும் துளைகள் உள்ள திரவம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். சமையல் கழிவிலிருந்து வரும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடை மட்டும் அது பிடித்துக்கொண்டு, எரியக்கூடிய மீத்தேனை விட்டுவிட வேண்டும். எங்கள் தாராவி வீட்டில் இதைச் சொன்னபோது உம்மா சிரித்தார். "தண்ணில எப்படிளா ஓட்டை நிக்கும்? மூடிக்கிடாதா?"

மூடிக்கொண்டுதான் இருந்தது. நடுவில் காலியிடம் உள்ள, கூண்டு போன்ற மூலக்கூறு ஒன்றைத் தோழி வடிவமைத்திருந்தாள். அதைக் கரைக்கும் திரவமே கூண்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. கூண்டின் வாசலில் நுழைய முடியாத பருமனான மூலக்கூறுகள் கொண்ட திரவத்தைத் தேடிப் பல மாதம் போயிற்று. அது கிடைத்த சமயத்தில் அவள் கர்ப்பமாக இருந்தாள். ரசாயனங்களுக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று தடை.

அதனால் சோதனையை நான் செய்தேன். அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, காதில் போனோடு உட்கார்ந்திருந்தாள். கார்பன் டை ஆக்சைடு ஏற்றிய திரவத்தில் சில சொட்டு குளோரோஃபார்ம் விட்டேன். அது சிறிய மூலக்கூறு. கூண்டுக்குள் போய் வாயுவை வெளியே தள்ள வேண்டும். குமிழிகள் பொங்கின. புட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "கூண்டு போடாத திரவத்துலயும் பண்ணிப் பாருடி."

எரிச்சலோடு செய்தேன். அதிலும் குமிழி வந்தது. அப்படியானால் முதல் குமிழி கூண்டிலிருந்துதான் வந்தது என்று சொல்ல முடியாது.

"அரே, ஸ்டிரர் ஓடிண்டிருக்கா பாரு."

கலக்கும் கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது; அந்தச் சுழற்சியே கரைந்திருந்த வாயுவைக் குமிழியாகக் கிளப்பிவிடும். அதை நிறுத்தி, இரண்டு திரவத்திலும் புதிதாக வாயு ஏற்றி மறுபடி சொட்டு விட்டேன். வெறும் திரவம் சும்மா கிடந்தது. கூண்டுள்ளது பொங்கியது. அவள் எழுந்து வந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"வர்றதுடி. நன்னா வர்றது."

மீத்தேன் மிகக் குறைவாகவே உள்ளே போகிறது என்று பிறகு பார்த்தோம். ஆனால் திரவம் விளக்கெண்ணெய் மாதிரி கெட்டி. வாயுவை மெதுவாகத்தான் வாங்குகிறது. பெரிய தொட்டிக்கு இன்னும் உதவாது. பெண் குழந்தை பெற்று அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இளக்கமான திரவத்துக்காகக் கூண்டின் ஓரங்களை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

அன்று அவள் சொல்லியிராவிட்டால் முதல் குமிழியை நம்பியே அறிக்கை எழுதியிருப்பேன். முடிவு சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தெரிந்து எழுதியதாக இருந்திருக்காது.