துணியில் அச்சான கண்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஓவியக் கல்லூரி மாணவி. மயிலாப்பூர் ஸ்டூடியோ ஒன்றில், யாரும் வாங்க வராத பாஸ்போர்ட் படங்களைக் கேட்டு வாங்கினேன். தி. நகர் டிடிபி சென்டரில் ஸ்கேன் செய்து, ஒருவர் கண்கள், இன்னொருவர் வாய் என்று ஒட்டவைத்து ஒரு புது முகம் செய்தேன். அதைப் பருத்தித் துணியில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டு, மேலே வண்ணம் தீட்டிக் கண்காட்சியில் மாட்டினேன்.

பார்க்க வந்த ஒரு அம்மா, அந்தப் படத்தின் வாயை உள்ளங்கையால் மறைத்தபடி நின்றுவிட்டார்.

"இது என் பையன் கண்ணும்மா. கோவிச்சிக்கிட்டுப் போனவன், இன்னும் வீட்டுக்கு வரல. முழுப் படம் வெச்சிருக்கியா?"

அடையாறில் இருந்த என் அறைக்கு ஓடி, கண்கள் எடுத்த அந்தப் படத்தைக் கொண்டுவந்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இவன் இல்லம்மா."

கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். மறுபடி துணிப் பக்கம் திரும்பினார்.

"அப்போ இதையாவது குடுத்துடு."

"இந்தப் போட்டோல இருக்குற கண்ணுதாம்மா அந்தத் துணிலயும்."

"தெரியுது. ஆனா இதுல அவன்தான் பாக்குறான்."

கழற்றிக் கொடுத்தேன். அது அவருக்கு நல்லதுதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அன்று கண்களை உள்ளே வைத்து அந்தத் துணியை மடிக்க மட்டும் மனசு வரவில்லை.