பெயர் எழுதாத ஜெபக் குறிப்பு

கழுத்தில் ஒரு கட்டி. ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் தயார் என்று லேபிலிருந்து சொல்லிப் பத்து நாளாகியும் நான் போகவில்லை. "கர்த்தர் கையில கொடுத்துட்டேன்" என்று மனைவியிடம் பக்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பயம்.

ஞாயிற்றுக்கிழமை, "ரிப்போர்ட் வாங்கப் பயப்படும் ஒரு சகோதரருக்காக" என்று பெயரில்லாமல் ஜெபக் குறிப்பு எழுதி, ஆலயப் பெட்டியில் போட்டேன். சமயநல்லூரில் எங்கள் சபையில் குறிப்புகளுக்காக ஜெபிக்கும் நாலு பேரில் நானும் ஒருவன் என்பது மறந்துவிட்டது. போதகர் அந்தச் சீட்டை என்னிடமே நீட்டினார். வேறு வழியின்றி அந்தக் கோழைச் சகோதரருக்காக உருக்கமாக ஜெபித்தேன். சபையே ஆமென் சொன்னது.

வெளியே வந்ததும் மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்தச் சகோதரர எனக்கு இருபத்திரண்டு வருசமாத் தெரியும். அம்புட்டு பேரும் ஆமென் சொல்லியாச்சு. நாளைக்கு நானும் வாரேன், போய் வாங்கிருவோம்."

போனோம். உறையை அவளிடமே நீட்டினேன், அவள்தான் பிரித்தாள். வெறும் கொழுப்புக் கட்டி.

விசுவாசி என்பதற்காகப் பயம் என்னிடம் சலுகை காட்டுவதில்லை, இப்போதும் வருகிறது. ஆனால் ஜெபக் குறிப்பில் என் பெயரை எழுதிவிடுகிறேன். ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து, "எப்பண்ணே போகணும், நானும் வாரேன்" என்கிறார்.