பிலிப்பினாவா, பிலோமினாவா

அன்பான சகோதரங்களே, முன்னுக்கு வந்து நின்று சாட்சி சொல்கிற ஆள் நான் இல்லை. கோயிலில் எப்போதும் கடைசி வாங்கில்தான் இருப்பேன். ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் வைத்திருந்தால் அது நன்றிகெட்ட வேலை.

போன தவக்காலத் தொடக்கத்தில் என் கணவருக்கு இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. உணவகத்தில் மாவு மூட்டையைத் தூக்கியவர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றாராம். இனிப் பாரம் தூக்கவே கூடாது என்றார் வைத்தியர். முதலாளி தோளில் தட்டிக் கவலைப்பட்டார், பிறகு வேறு ஆளை எடுத்துவிட்டார். கணவரின் பெர்மெசோ, அதுதான் இங்கே தங்குவதற்கான அனுமதி, கோடையோடு முடிகிறது. வீட்டில் ஒருவருக்காவது அரசாங்கத்தில் பதிந்த வேலை இல்லையென்றால் அதைப் புதுப்பிக்க முடியாது. மூன்று பேரும் மன்னாருக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்கள் மகள் நித்திரையில் பினாத்துவதே இத்தாலியனில். அவளை எங்கே கொண்டுபோய் விடுவது?

நானோ வெளியே வேலைக்குப் போனதே இல்லை. ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை. பலெர்மோவுக்கு வந்த பிறகும் எனக்குத் தெரிந்த இத்தாலி அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுப் படியிலிருந்து பல்லரோச் சந்தை வரைக்கும்தான். மீன் விலை கேட்பேன், குறைத்துக் கேட்பேன், திட்டினால் விளங்கும். அந்தக் கிழமை முழுக்க அழுதேன். பிறகு அழுது என்ன காணப்போகிறேன் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு, நானே வேலைக்குப் போவதென்று முடிவெடுத்தேன்.

எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த அண்ணர் ஒருவர் ஒரு பெரிய கட்டடத்தில் வாசல் காவலாக இருக்கிறார். அங்கே குடியிருக்கிற ஒரு இத்தாலிய சின்யோராவுக்கு வயதான தாயைப் பார்க்கவும் வீட்டு வேலைக்கும் ஆள் தேவை, முறையாகப் பதிந்துதான் எடுப்பார் என்று இலக்கத்தைத் தந்தார். செபமாலையை ஒரு கையிலும் போனை மற்றக் கையிலும் பிடித்துக்கொண்டு அழைப்பு எடுத்தேன். சின்யோரா கடகடவென்று கதைத்தார். எனக்குத் தெளிவாகக் கேட்டது ஒரு சொல்தான். "பிலிப்பினா?" என்று கேட்டிருக்கிறார். என் காதில் அது "பிலோமினா?" என்று விழுந்தது. அண்ணர் என் பேரைச் சொல்லிவைத்திருக்கிறார் என்று நினைத்து, ஓம் என்று தலையையும் ஆட்டி, "சீ, சீ, பிலோமினா" என்றேன். அவர் காதிலும் அவருக்கு வேண்டியதுதான் விழுந்திருக்க வேண்டும். சந்தோஷமாக அடுத்த திங்கள் வரச் சொன்னார்.

எங்களுக்கு மேல்மாடியில் மரிசெல் இருக்கிறாள். பிலிப்பைன்ஸ்காரி, என் வயதுதான், இரண்டு வீடுகளில் துண்டு துண்டாக வேலை செய்கிறவள். எங்கள் இரண்டு பேரின் பேச்சும் உடைந்த இத்தாலியனும் கையும்தான். ஓடிப்போய்ச் செய்தியைச் சொன்னேன். சின்யோரா என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று திரும்பச் சொல்லவைத்தாள். கட்டிலில் விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விளங்கப்படுத்தினாள். சின்யோரா கேட்டது என் பேரை இல்லை, நான் பிலிப்பைன்ஸ் பெண்ணா என்று. அண்ணரிடம் விசாரித்தேன். அது சரிதான். முந்தி அந்த வீட்டில் நெடுங்காலம் இருந்தவள் பிலிப்பைன்ஸ்காரியாம். அவள் ஊருக்குப் போய்விட்டாள், அதேபோல ஒருத்திதான் வேண்டுமாம்.

என் கணவர் படுத்த இடத்திலிருந்தே வழி சொன்னார். "நீ பேசாமப் போ. அவைக்கு நாங்களெல்லாம் ஒரே ஆக்கள்தான். முகத்தைப் பாத்து ஒண்டும் கேக்கமாட்டினம்." எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. மடு மாதாவே, அந்த மனுசி என்னைக் கேள்வி கேட்காமல் பார்த்துக்கொள்ளும் என்றே முதலில் மன்றாடினேன்.

மரிசெல் நினைத்திருந்தால் அந்த வேலையைத் தனக்குக் கேட்டிருக்கலாம். அவர்கள் தேடியதே அவளைப் போல ஒருத்தியைத்தானே. ஆனால் அவள் என்னைத் தன் குசினிக்குக் கூட்டிப்போனாள். அந்த நாட்களில் அவளுடைய தங்கையும் முதன்முதலாக வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். அவர்களுடைய நாட்டில் புறப்படமுன் ஒரு வகுப்பில் இருந்து படித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டுமாம். வகுப்பில் கேட்டதைத் தங்கை போனில் ஒப்புவிப்பாள், மரிசெல் திருத்துவாள். அந்த வகுப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். போனுக்குள் தங்கை, அடுப்படியில் நான். கடல் கடந்து எத்தனையோ வருடம் ஆன பிறகு புறப்படுகிற பாடம் படித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

எந்தத் திரவம் மாபிள் தரைக்கு ஆகாது, வயதானவரைக் கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது, சட்டைக் கழுத்தை எந்தப் பக்கத்திலிருந்து ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்துவது, எல்லாம் பழகினேன். எனக்கென்று மரிசெல் வைத்த முதல் பாடம், விளங்காததுக்கு "சீ" சொல்லாதே என்பது. அதைச் சொல்லும்போது தங்கைகூடப் போனுக்குள் சிரித்தாள். கடைசிப் பாடத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. யார் கேட்டாலும் உன் பேரையும் உன் நாட்டையும் உள்ளபடி சொல்லு. பொய்யோடு நுழைந்த வீட்டில் வேலையையும் பார்க்க வேண்டும், பொய்யையும் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை பெல்லெக்ரீனோ மலைக்கு, புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் போனேன். நாங்கள் எல்லோரும் போகிற மலைதான், உங்களுக்குத் தெரியும். வெறுங்காலோடு ஏறினேன். அடிவாரத்தில் அதே பழைய மன்றாட்டுத்தான், கேட்காமல் பார்த்துக்கொள்ளும் என்று. பாதி வழியில் கால் எரிய நின்றேன். கீழே துறைமுகம் தெரிந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறிவந்து ஒரு பொய்யைக் காவல் காக்கவா கேட்கிறேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. மன்றாட்டை மாற்றினேன். ஆண்டவரே, வேலையைத் தாரும். ஆனால் எனக்கே தாரும், வேறொருத்தியின் பேரில் வேண்டாம். சொல்வதற்கு வாயைத் தாரும்.

போனில் சொன்னால் மறுபடி எதையாவது கேட்டுத் தொலைப்பேன் என்று திங்கட்கிழமை நேரிலேயே போனேன். சின்யோரா கதவைத் திறந்தார். உள்ளே கால் வைக்கமுன், மகள் திருத்தித் தந்த வசனத்தைச் சொன்னேன். நான் பிலிப்பினா இல்லை. என் பேர் பிலோமினா. இலங்கைத் தமிழ்ப் பெண். போனில் பிழையாக விளங்கிக்கொண்டேன், மன்னியுங்கள். ஆனால் வேலை செய்வேன்.

அவருடைய முகம் இறுகிவிட்டது. நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாமல் உள்ளே போனார். போகச் சொல்லவில்லைத்தானே என்று நான் நின்றேன். அசையவில்லை. அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு நின்றேன்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு கிழட்டுக் குரல் உரக்கக் கேட்டது. "பிலொமேனா வந்திட்டாளா?"

சகோதரங்களே, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் பேரைத்தான் இத்தாலியர் அப்படிச் சொல்வார்கள். நடந்தது இதுதான். திங்கட்கிழமை பிலிப்பினா வருகிறாள் என்று சின்யோரா தன் தாயிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்குக் காது மந்தம். அவருக்கும் அது பிலொமேனா என்றே விழுந்திருக்கிறது. பிலொமேனா வரப்போகிறாள் என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லி, அன்று காலையே தலை வாரி இழுத்து, நல்ல உடுப்புப் போட்டுக் காத்திருந்திருக்கிறார்.

பிலொமேனா இல்லை அம்மா என்று சின்யோரா வாயெடுத்தது எனக்குக் கேட்டது. பாதியில் நின்றுவிட்டது. பிறகு சிரிப்புச் சத்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். என் பேரை இன்னொரு தடவை, மெல்லச் சொல்லச் சொன்னார். சொன்னேன். உள்ளே வா, கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார்.

கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு பதிந்தார். கணவரின் பெர்மெசோவும் புதுப்பித்தாகிவிட்டது. அவர் இப்போது வீட்டில் சமைக்கிறார், உப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. மரிசெலின் தங்கை வந்து இறங்கிய அன்று, என்னோடு வகுப்பில் இருந்தவள் அல்லவா, இடியப்பத்தோடு விமான நிலையத்துக்குப் போய் நின்றேன்.

சின்யோரா இன்றைக்கும் சிநேகிதிகளோடு கதைக்கும்போது "என் பிலிப்பினா" என்பார். வேறு எதுவும் கேட்காத அந்த அம்மாவுக்கு அது மட்டும் எப்படியோ கேட்டுவிடும். "பிலொமேனா" என்று கட்டிலிலிருந்து திருத்துவார்.

உங்களில் யார் யார் என்ன கஷ்டத்தோடு இங்கே வந்திருக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. வேறு யாரோ மாதிரிப் போய் நிற்காதீர்கள். சொந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்கள். நான் அந்தக் கதவுக்கு வெளியே நின்று என் பேரைச் சொல்ல முன்னமே, ஆண்டவர் அதை உள்ளே சொல்லிவைத்திருந்தார்.