பெரியப்பா இறக்கிய போர் விமானம்

என் கணவர் பெட்டியைப் பிரித்ததும் புதுத் தெர்மாகோல் வாசனை அடித்தது. உள்ளே ரிமோட்டில் பறக்கும் போர் விமானம். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கென்று சாதுவான விமானங்கள் உண்டு. அவையெல்லாம் இவர் கௌரவத்துக்கு ஆகாதாம்.

சிறு வயதில் இதே வாசனை எங்கள் இலத்தூர்ப் பெரியப்பா வீட்டில் அடித்தது. விமானப்படையின் சமையற்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஊர்ப் பேச்சில் மட்டும் விமானம் ஓட்டியவர். அவரும் மூக்கில் சுறாப்பல் வரைந்த போர் விமானத்தைத்தான் பொறுக்கி வாங்கினார். பிள்ளைகள் எங்களைத் தொடவிடவில்லை.

"ஏலே, இது வெளையாட்டுச் சாமான் இல்ல. தள்ளி நில்லுங்க."

குற்றாலச் சாரல் காற்று ஆளையே தள்ளும் ஆனி மாதத்தில், தண்ணீர் கட்டி உழுத வயலின் வரப்பில் நின்று பறக்கவிட்டார். எங்களை விட்டு விலகிப் போகும்வரை ஒழுங்காகத்தான் போனது. விமானம் நம்மைப் பார்த்துத் திரும்பினால் ரிமோட்டின் இடது அதற்கு வலதாகிவிடும் என்பது அந்த விமானிக்குத் தெரியவில்லை. அவர் விலக்க விலக்க அது அவரையே துரத்தியது. ரிமோட்டை வீசிவிட்டுச் சேற்றில் குப்புற விழுந்தார். விமானம் அவர் தலைக்கு மேலே போய், அடுத்த வயலில் தானாகவே பூப்போல இறங்கியது.

சேறு வழிய எழுந்தவர் எங்களிடம், "பாத்தியளா, எப்படி எறக்குனேன்னு" என்றார்.

கணவர் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். "வயலுக்குப் போறேன். இன்னும் என்னட்டி எடுக்கணும்?"

"ஒரு துண்டு எடுத்துக்கிடுங்க" என்றேன்.